அப்பாவை ரத்து செய்யப் போன நாள்

என் அப்பாவை இனிமேல் எனக்கு அப்பா இல்லை என்று ஆக்குவதற்காக நாங்கள் நாலு பேரும் ஒரே வண்டியில் கோர்ட்டுக்குப் போனோம். வண்டியை ஓட்டியவர் அப்பா. பக்கத்து சீட்டில் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். பின்னால் நானும், வழக்குப் போட்ட அம்மாவும். அம்மாவின் கார் முந்தின நாள்தான் பிளசன்டனில் நடு ரோட்டில் படுத்துவிட்டது. அதைக் கேள்விப்பட்டு அப்பா போன் பண்ணினார்.

"எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானே போறம். பிறகேன் டாக்சி? நான் வாறன்."

அவர் போன வருஷம் இறந்துவிட்டார். அவருடைய போனை இன்னும் நான் சார்ஜில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வரும் என்று நினைத்தேன். ஆனால் முதலில் இந்த நாள்தான் வந்து நிற்கிறது. இதை நினைத்தால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவர் என்னைப் பெற்றவர் இல்லை. என்னைப் பெற்றவர் நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அருப்புக்கோட்டை பைபாஸில் பைக்கில் போய் இறந்துவிட்டார். அம்மா நர்ஸ். சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோதுதான் இவர் அங்கே வந்தார். யாழ்ப்பாணக்காரர். தன் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் செய்வதற்காக கலிபோர்னியாவில் இருந்து வந்திருந்தார். "அக்காவுக்குக் கண் தெளிஞ்சுச்சு, அந்த நேரம் பார்த்து எனக்கு மங்கிருச்சு" என்பாள் அம்மா. கல்யாணம் முடிந்து அம்மாவும் நானும் இங்கே வந்தபோது எனக்குப் பதினொரு வயது.

மில்பிடாஸில் ஒரு மளிகைக் கடைக்கு அவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் எப்போதும் கறிவேப்பிலை வாசம் அடிக்கும். நான் அவரை முதலில் அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். ஊரில் ஆட்டோக்காரரையும் அங்கிள் என்போம், இவரையும் அப்படித்தான். அவரும் கவலைப்படவில்லை. ஆனால் ஒரு நாள் கடையில் யாரோ என்னைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

"இஞ்சேரும். என்ர வீட்டில இருக்கிற பிள்ளை எனக்கு ஆர் எண்டு கேட்டினம். நான் வாயைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டனான். இதுக்கு ஒரு வழி பண்ண வேணும்."

அந்த வழிதான் தத்தெடுப்பது. கோர்ட்டுக்குப் போனோம். நீதிபதி என்னிடம் சம்மதமா என்று கேட்டார். சரி என்றேன். பதிமூன்று வயசுப் பெண்ணுக்கு ஒரு கரடி பொம்மை கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும், "அப்பா, பசிக்குது" என்றேன். எந்த யோசனையும் இல்லாமல் தானாக வந்துவிட்டது. அவர் காதில் விழாத மாதிரி, "என்ன சொன்னனீ?" என்று மூன்று தடவை கேட்டார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்தில் அம்மாவும் அவரும் பிரிந்துவிட்டார்கள். அடிதடி இல்லை, குடி இல்லை. தெருவில் பார்க்கிற தமிழ் ஆட்களை எல்லாம் அவர் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். நைட் டியூட்டி முடிந்து அம்மா வரும்போது ஹாலில் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மா கத்துவாள். அவர் சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து அம்மா இன்னும் கத்துவாள். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஒரே வீட்டில் இல்லாவிட்டால்.

விவாகரத்துக்குப் பிறகு நான் வாரம் முழுக்க அம்மாவிடம் இருப்பேன். சனி, ஞாயிறு அப்பாவிடம். அவரோடு வேனில் போய் கடை கடையாக வெண்டைக்காய்ப் பெட்டி இறக்குவேன். ஸ்கூலில் எனக்கு ஒன்றுமே புரியாது. இங்கிலீஷ் காதுக்குள் போகும், மறுபக்கம் போய்விடும். வாரத்தில் நான் வாய் திறந்து பேசியது அந்த இரண்டு நாள்தான்.

அப்போது அம்மாவுக்கு டல்லாஸில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போக நினைத்தாள். வக்கீலிடம் போனால் அந்த அம்மா சொன்னார்களாம்: "விவாகரத்து உங்கள் இரண்டு பேருக்குத்தான். பிள்ளைக்கு அவர் அப்பாதான், பெற்ற அப்பா மாதிரியே. பிள்ளையை வேறு ஊருக்குக் கூட்டிப் போவதென்றால் அவருக்கும் அதில் சொல்ல உரிமை இருக்கிறது."

அம்மா அதிர்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மாமா ஊரில் இருந்து விசிட்டில் வந்திருந்தார். அருப்புக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிறவர். ஊரில் நாலு பஞ்சாயத்தில் முன்னால் நின்று பேசுகிற ஆள். அவருக்கு இந்த அமெரிக்கச் சட்டம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தாலியே இறங்கிருச்சு. அப்பன் மட்டும் எப்படித்தா ஒட்டிக்கிட்டு இருப்பான்?"

"அப்படித்தான்ண்ணே இங்க சட்டம்."

"அப்ப அதையும் அத்து விடு. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அந்தாளு வாசல்ல போய்க் கேட்டுக்கிட்டு நிப்பியா?"

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மா கேட்கவில்லை. அப்பா என்ற உரிமையையே எடுத்துவிடச் சொல்லி மனு போட்டாள். அதற்குச் சம்மதம் கேட்டு அவருக்கு பேப்பர் போனது. அவர் படித்துப் பார்த்துவிட்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் நானே பஸ் பிடித்து மில்பிடாஸ் போனேன். அவர் கடைப் பின்பக்கம் மிளகாய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நான் வேணாமா?"

"ஆர் சொன்னது?"

"கையெழுத்து போட்டீங்கல்ல!"

"உன்ர அம்மா கேட்டவ. அவ கேட்டு நான் எதைத்தான் மாட்டன் எண்டு சொன்னனான்? விவாகரத்தையும் அவதான் கேட்டவ."

"நான் கேக்கலையே. என்னை யாரும் கேக்கலையே."

அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார். பிறகு, "இந்தப் பக்கம் பிடி பிள்ளை, பாரமா இருக்கு" என்று பெட்டியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். இரண்டு பேரும் தூக்கி உள்ளே வைத்தோம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காரம்தான் என்றார். கையுறை போட்டிருந்தார், கண்ணைத் தொடவே இல்லை.

சனி, ஞாயிறு போய்விடும். அவர் போய்விடுவார். டல்லாஸில் பேச ஒரு ஆள் இருக்காது. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். கோர்ட்டு நாள் வரைக்கும் நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை.

இனி மாமாவின் விரதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு உறவைப் பேசி அறுத்துவிடும்போது, அதை முன்நின்று நடத்துகிறவர் எதிர்ப்பக்கத்து ஆளிடம் கை நனைக்கக் கூடாது. கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தாலும் முடிந்தது. அவர் கையால் தின்றுவிட்டு அவருக்கு எதிராக நிற்க முடியாது, நின்றாலும் செல்லாது. மாமா இதில் ஒரு படி மேலே போய், காரியம் முடிகிற வரைக்கும் எதுவுமே சாப்பிட மாட்டேன் என்று காலையில் இருந்து பட்டினி.

"அப்ப அவர் வண்டியில மட்டும் ஏறலாமா மாமா?" என்று கேட்டேன்.

"வண்டி வேற, சோறு வேற. சும்மா இரு."

ஃப்ரீவேயில் போகும்போது அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "மச்சான், தண்ணி குடிக்கிறியளோ?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பாப்பா, எனக்குத் தண்ணி வேணாம்னு சொல்லு."

"அவருக்குக் கேக்குது மாமா. பக்கத்துலதான உக்காந்திருக்கார்."

"நீ சொல்லு."

"அப்பா, மாமாவுக்குத் தண்ணி வேணாமாம்."

"ஓம், விளங்குது. பிறகு குடிப்பார் எண்டு சொல்லு."

"குடிக்க மாட்டேன்னு சொல்லு!"

அம்மா பின் சீட்டில் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, தலைவலியா என்று எனக்குத் தெரியவில்லை.

கோர்ட்டு வாசலில் பையை எல்லாம் மெஷினுக்குள் விட வேண்டும். அப்பாவின் பை உள்ளே போனதும் காவலுக்கு நின்ற பெரிய ஆள் மெஷினை நிறுத்திவிட்டார். திரையில் வட்டம் வட்டமாக நாலு அடுக்கு. திறக்கச் சொன்னார். அது டிபன் கேரியர். ஒன்றில் புட்டு, ஒன்றில் தேங்காய்ச் சம்பல், ஒன்றில் சர்க்கரை, மேலே வாழைப்பழம். தன்னை அப்பா இல்லை என்று ஆக்கப் போகிற இடத்துக்கு அந்த மனிதர் நாலு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். காவலாளி குனிந்து மோந்து பார்த்தார். அப்பா அவரையும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்கயும் ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

எங்கள் முறை வரவே இல்லை. வராந்தாவில் நீளப் பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் அம்மா, அப்புறம் மாமா, நான், கடைசியில் அப்பா. மதியம் நெருங்கியபோது மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஏசியில் அவருக்கு வியர்த்து ஊற்றியது.

அம்மா உடனே நர்ஸாகிவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்தாள். "அண்ணே, காலைல சுகர் மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"சாப்பிட்டியா?"

"எப்படித்தா சாப்பிடுவேன்? இன்னிக்கு நான்…"

"அட கூறு கெட்ட மனுசா! மாத்திரையப் போட்டுட்டு யாராச்சும் பட்டினி கிடப்பாங்களா? பாப்பா, ஓடு, ஜூஸ் வாங்கிட்டு வா."

ஓடினேன். மூலையில் இருந்த மெஷின் காசை விழுங்கிவிட்டு ஒன்றும் தரவில்லை. அடித்துப் பார்த்தேன், உதைத்துப் பார்த்தேன். அழுதுகொண்டு திரும்பி வந்தால், அப்பா மாமாவின் முன்னால் தரையில் மண்டி போட்டிருந்தார். கேரியர் மூடியில் புட்டையும் பழத்தையும் சர்க்கரையையும் பிசைந்து உருட்டி, மாமாவின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாயைத் திறவுங்கோ மச்சான். கோவத்தைப் பிறகு பாப்பம்."

மாமா கண் செருகிய நிலையில் வாயைத் திறந்தார். ஒரு உருண்டை. இன்னொன்று. நாலாவது உருண்டையில் முகத்துக்குக் களை வந்தது. ஐந்தாவதை அவரே கையில் வாங்கிக்கொண்டார். அப்புறம் கேரியரையே மடியில் வைத்துக்கொண்டு, பசி வந்த மனுஷன் மாதிரி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார்.

"மாப்ள, அந்தச் சம்பல் இன்னும் கொஞ்சம் வைங்க."

விவாகரத்து ஆனதில் இருந்து அவர் அப்பாவை 'அந்தாளு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அப்பா மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி சம்பல் வைத்தார். மாமா அதையும் வாயில் போட்டு, மென்று, விழுங்கிய பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

"ஐயையோ. கை நனைச்சிட்டேனே!"

அந்த நேரம்தான் உள்ளே இருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்தாள். "வாண்ணே."

"நான் வரல."

"என்னது?"

"தின்னுட்டேன்த்தா. இந்த எச்சிக் கையோட நான் எப்படி வந்து அத்து விடச் சொல்லி நிப்பேன்? தின்னுட்டு அறுக்கிறவன் மனுசனா?"

"அண்ணே, இது கோர்ட்டு. அருப்புக்கோட்டை மந்தைப் பஞ்சாயத்து இல்ல. அந்த ஜட்ஜ் வந்து உன் கைய மோந்தா பாக்கப் போறாங்க?"

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல. நீ வேணா போ. நான் இங்கயே இருக்கேன்." சொல்லிவிட்டு மாமா பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கேரியர் மடியிலேயே இருந்தது.

நாங்கள் மூன்று பேர்தான் உள்ளே போனோம்; வக்கீல் முன்னாலேயே அங்கே இருந்தார்கள். நீதிபதி வயதான அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். பேப்பரைப் புரட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தார். ஏன் இந்தப் பெண்ணுக்கு அப்பாவாக இருக்க வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டார்.

"அவ கேட்டவ" என்று அப்பா இங்கிலீஷில் சொன்னார்.

"யார், உங்கள் மகளா?"

"இல்லை. அம்மா."

நீதிபதி எங்களுக்கு மெதுவாக விளக்கினார். எனக்கே புரிகிற அளவுக்கு மெதுவாக. கல்யாண உறவு முடிந்தாலும் அப்பா என்ற உறவு முடிவதில்லை. இரண்டு பெரியவர்கள் பேசி வைத்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும் ஒரு பிள்ளைக்கு அப்பா இல்லாமல் போய்விட முடியாது. அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்து பிள்ளையை ஏற்றுக்கொள்கிறார் என்றால் அது வேறு பேச்சு. அப்படி யாரும் இல்லை. இல்லை, இவர் பெண்ணுக்குக் கெடுதல் செய்திருக்கிறார் என்றால் அதைச் சொல்லுங்கள். அம்மாவைப் பார்த்து, "இவர் இவளுக்கு என்ன கெடுதல் செய்தார்?" என்றார்.

பக்கத்தில் இருந்த வக்கீல் குனிந்து, அம்மாவின் காதில் ஏதோ சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொய் போதும், எல்லாம் போய்விடும். அம்மாவுக்கு டல்லாஸ் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே மாமா இல்லை.

"கண்ட கண்ட ஆளுங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வருவார்" என்று அம்மா இங்கிலீஷில் சொன்னாள்.

"அது இவளுக்குச் செய்த கெடுதலா?"

"இல்லை. எனக்கு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் என்னைக் கேட்டார். உனக்கு என்ன வேண்டும்?

எத்தனையோ சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வந்தது ஒரே வரிதான். "ஐ வான்ட் டு கீப் ஹிம்" என்றேன். ரோட்டில் கிடைத்த நாய்க்குட்டியை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்கிற பிள்ளை மாதிரி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அன்றைக்கு மிளகாய் எதுவும் அங்கே இல்லை.

அம்மா எழுந்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அதோடு முடிந்தது. வெளியே வந்ததும் வராந்தாவிலேயே நின்று அப்பாவைக் கேட்டாள்.

"இவளை டல்லாஸுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"ஓம். கூட்டிக்கொண்டு போம். லீவுக்கு அனுப்பிவிட்டால் காணும், எனக்கு அது போதும். முதலே கேட்டிருந்தால் முதலே சொல்லியிருப்பன்."

"கேட்டா நீங்க ஓம்னுதான் சொல்லுவீங்க. அதுதான் எனக்கு எரிச்சல்!"

"இஞ்சேரும், இப்ப நான் ஓம் சொல்லுறதோ, வேண்டாமோ?"

மாமா பெஞ்சில் இருந்தே கத்தினார். "ரெண்டு பேரும் சண்டைய வண்டியில வச்சுக்கங்க. புட்டு காலி."

திரும்பி வரும்போது மாமா அப்பாவோடு ஊர் உர விலையில் இருந்து உளுந்து விலை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைக்குக்கூட நடுவில் நான் தேவைப்படவில்லை.

டல்லாஸில் நான் ஸ்கூலை முடிக்கவில்லை. லீவுக்கு லீவு மில்பிடாஸ் வந்தேன். பதினெட்டு ஆனதும் ஒரேயடியாக வந்துவிட்டேன். அம்மா இதற்கும் கத்தினாள். இதற்கும் அப்பா சிரித்தார். ஒரு கேட்டரிங் கடையில் பொட்டலம் கட்டுகிற வேலை எனக்கு. அவர் வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டு வருஷம் அப்படி நன்றாகப் போனது.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, அது அப்படியே பெரிதாகிவிட்டது. ஐசியூ வாசலில் இருந்த பெண் நான் யார் என்று கேட்டாள். மகள் என்றேன். கதவு திறந்தது. அம்மா டல்லாஸில் இருந்து முதல் பிளைட்டில் வந்து இறங்கினாள். அவளிடமும் அதே கேள்வி. முன்னாள் மனைவி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குடும்பத்து ஆட்கள்தான் உள்ளே போகலாமாம். வேறு யாரையாவது விட வேண்டும் என்றால் நான்தான் சொல்ல வேண்டுமாம். அந்த வராந்தாவில் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கே வைப்பேன்? கோர்ட்டில் அன்றைக்கு அவள் நினைத்தது நடந்திருந்தால், நாங்கள் இரண்டு பேருமே வெளியேதான் நின்றிருப்போம். இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

"இவங்க எங்க அம்மா. உள்ள விடுங்க" என்றேன்.

அவள் உள்ளே போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஆரம்பித்துவிட்டாள்.

"உப்பைக் குறைங்க குறைங்கன்னு எத்தனை வருசமா சொல்றேன்? கேட்டீங்களா? கண்டவனுக்கு எல்லாம் ஆக்கிப் போடத் தெரியும், ஒரு செக்கப்புக்குப் போகத் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு. இப்பச் சிரிங்க பாப்போம். சிரிங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வாய் ஓரம் லேசாக இழுத்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்துவிட்டாள், அதனால் சத்தம் இன்னும் கூடியது.

நர்ஸ் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். அந்த அம்மா ரொம்பச் சத்தம் போடுகிறார்கள், நோயாளிக்குத் தொந்தரவாக இருக்குமே, வெளியே அனுப்பட்டுமா? மகள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"வேணாம்" என்றேன். "அவங்க திட்டட்டும்."